ரோமானியக் குத்தீட்டி: நீளமும் பிடியும்

கல்லூரி நாடகம் ஒன்றுக்காக ரோமானிய வீரர்களின் ஆயுதங்களைச் செய்யப் போவதாகச் சொல்லி மூன்று விஷயங்கள் கேட்டிருக்கிறீர்கள். அவர்களுடைய குத்தீட்டி எவ்வளவு நீளம்? அதை ஒரு கையால் பிடித்தார்களா, இரண்டு கையாலா? தோளுக்கு மேலே ஓங்கிக் குத்தினார்களா, இடுப்போரம் வைத்துக் குத்தினார்களா?

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலாட்படை வீரனின் குத்தீட்டி ஏறக்குறைய 1.8 மீட்டரிலிருந்து 2.5 மீட்டர் வரை, அதாவது ஆறடியிலிருந்து எட்டடி வரை இருந்திருக்கும். பெரும்பாலும் ஒரு கையால்தான் பிடித்தார்கள். மேலாகவும் குத்தினார்கள், கீழாகவும் குத்தினார்கள். எதிரே நிற்பவன் யார், எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பதைப் பொறுத்தது அது. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கம்பு வெட்டினால் மேடையில் அது ரோமானிய ஈட்டியாகத் தெரியாது. ஏனென்றால் அந்த ஈட்டியின் நீளத்தைத் தீர்மானித்தது அதைப் பிடித்த வலது கை இல்லை, இடது கையில் இருந்த கேடயம். அதை விளக்கத்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குத்தீட்டிக்கு லத்தீனில் ஹஸ்தா என்று பெயர். படங்களில் ரோமானிய வீரன் கையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் வேறொன்று, பிலும் என்கிற எறியீட்டி. மரக்காம்பின் தலையில் நீளமான, மெல்லிய இரும்புத் தண்டு இருக்கும். அதன் நுனியில் சின்னதாக ஒரு கூர்முனை. எதிரியின் கேடயத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவதற்கான அமைப்பு அது. ஹஸ்தாவின் முனை அப்படி இருக்காது. இலை வடிவம், நடுவில் நரம்பு போல ஒரு தடிப்பு, அடியில் காம்பைச் செருகுவதற்கு ஒரு குழல், குழலின் பக்கவாட்டில் ஆணி அடிக்க ஒரு துளை. நம் ஊர்க் கோயில் வேலாயுதத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வடிவம் உடனே பிடிபடும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ரோமானியப் படையின் முதல் வரிசைக்கு ஹஸ்தாதி என்று பெயர், அதாவது ஹஸ்தா ஏந்தியவர்கள். ஆனால் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அந்தப் படையை நேரில் பார்த்து எழுதிய கிரேக்கர் பாலிபியஸ், முதல் வரிசையும் இரண்டாம் வரிசையும் எறியீட்டி வைத்திருந்தன, கடைசி வரிசையான திரியாரி மட்டுமே குத்தீட்டி வைத்திருந்தது என்கிறார். அந்தத் திரியாரிக்கோ பிலானி என்று ஒரு பழைய பெயர் இருந்தது. பிலும் ஏந்தியவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்கிறார் லத்தீன் அறிஞர் வர்ரோ. ஆக, ஹஸ்தா என்ற பெயர் கொண்டவன் கையில் பிலும், பிலும் என்ற பெயர் கொண்டவன் கையில் ஹஸ்தா. படை மாறிவிட்டது, பெயர்கள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. உங்கள் நாடகம் எந்தக் காலத்தில் நடக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஜூலியஸ் சீசர் காலத்து லெஜியன் வீரன், அதாவது ரோமானியக் குடிமக்கள் படையின் வீரன் கையில் குத்தீட்டியைக் கொடுத்தால் தப்பு. கார்தேஜ் தளபதி ஹன்னிபால் ரோமோடு போரிட்ட காலத்துத் (கி.மு. 200ஐ ஒட்டி) திரியாரி கையில் கொடுத்தால் சரி.

இந்த ஹஸ்தா போர்க்களத்தோடு நிற்கவில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ரோமில் பொது ஏலம் விடும்போது தரையில் ஓர் ஈட்டியை நட்டு வைப்பார்கள். ‘ஈட்டியின் கீழ் விற்பது’ என்றே அதற்குப் பெயர். ஸ்பானிய மொழியில் ஏலத்துக்கு இன்றும் சுபாஸ்தா என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் இருப்பது இதே ஹஸ்தாதான்.

சரி, நீளத்துக்கு வருவோம். துல்லியமான எண் கிடைக்காததற்குக் காரணம் எளிது. மரம் மக்கிப்போகும், இரும்பு நிற்கும். மண்ணைத் தோண்டினால் ஈட்டித் தலை கிடைக்கும், அடியில் மாட்டிய இரும்புப் பூண் கிடைக்கும். நடுவில் இருந்த காம்பு கிடைக்காது. வீரனோடு ஈட்டியை முழுசாகக் கிடத்திப் புதைத்த கல்லறைகளில் மட்டும் தலைக்கும் பூணுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கலாம். பழைய இத்தாலியக் கல்லறைகள் இந்த வகையில் உதவுகின்றன. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. குழிக்குள் அடங்கவில்லை என்று காம்பை ஒடித்துப் போட்டிருந்தால் அந்த அளவு பயன்படாது.

சிற்பங்களை நம்பலாமா என்றால் பாதிதான் நம்பலாம். கல்லறைக் கல்லில் வீரனைச் செதுக்குகிற சிற்பிக்குக் கல்லின் உயரம்தான் எல்லை. வீரன் தலைக்கு மேலே ஒரு சாண் இடம் இருந்தால் ஈட்டியும் ஒரு சாண்தான் மேலே போகும். ஜெர்மனியின் பாட் க்ரோய்ட்ஸ்னாக் அருங்காட்சியகத்தில் இருக்கும் அன்னாயுஸ் என்ற துணைப்படை வீரனின் கல்லில் அவன் கையில் இரண்டு ஈட்டிகள் இருக்கின்றன. அது மிக நல்ல சான்று. ஆனால் அந்த ஈட்டிகளை ஸ்கேல் வைத்து அளந்து இத்தனை சென்டிமீட்டர் என்று சொன்னால் நாம் அளந்தது கல்லைத்தான், ஈட்டியை இல்லை. டிராஜன் தூணில் நிலைமை இன்னும் மோசம். ரோமில் நிற்கும் அந்தத் தூணில் நூற்றுக்கணக்கான வீரர்கள் கையை மடக்கி எதையோ பிடித்திருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலான கைகளில் ஆயுதம் கிடையாது.

ஆகவே நீளத்தைக் கணிக்க இன்னொரு வழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: எடை, சமநிலை, மனித உடம்பு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

காம்புக்கு அவர்கள் விரும்பியது ஆஷ் மரம். ரோமானிய எழுத்தாளர் பிளினி அதைப் பற்றிச் சொல்லும்போது, ஈட்டிக்கு அது ஹேசல் மரத்தைவிடச் சிறந்தது, கார்னல் மரத்தைவிட எடை குறைந்தது என்கிறார். ஒரு ஆசாரி சொல்வது போன்ற தீர்ப்பு அது. ஆஷ் மரத்தின் நார் நேராக ஓடும், அதனால் நீளவாக்கில் பிளந்தெடுக்கலாம். அடிபட்டால் வளைந்து கொடுக்கும், சட்டென்று முறியாது. இந்த மரத்தில் இரண்டு மீட்டர் நீளம், இரண்டரை சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு காம்பு செதுக்கினால் அதன் எடை 680 கிராம் அளவுக்கு வரும். தலைக்கு 200 கிராம், அடிப்பூணுக்கு 150 கிராம் என்று வைத்தால் மொத்தம் ஒரு கிலோவை ஒட்டி நிற்கும். ஒரு கிலோ என்றால் கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டிப் பாருங்கள், தெரியும்.

அந்த அடிப்பூணை அலங்காரம் என்றோ மண்ணில் நட்டு வைக்க மட்டும் என்றோ பலர் நினைக்கிறார்கள். உலக்கைப் பூண் போலக் காம்பின் அடி சிதையாமல் காக்கிறது, மண்ணில் நடவும் உதவுகிறது, தலை உடைந்துபோனால் அடியைத் திருப்பிக் குத்தவும் ஆகிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் அது செய்கிற முக்கியமான வேலை கண்ணுக்குத் தெரியாது. மேலே சொன்ன காம்பில் தலையை மட்டும் மாட்டிப் பூண் இல்லாமல் விட்டால், ஈட்டி கையில் சமமாக நிற்கும் இடம் அடியிலிருந்து சுமார் 124 சென்டிமீட்டரில் வரும். பூணை மாட்டியதும் அந்த இடம் 105 சென்டிமீட்டருக்கு நகர்ந்துவிடும். பிடிக்கும் கை பின்னால் போகிறது என்றால், கைக்கு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அதே அளவு கூடுகிறது என்று பொருள். காம்பை ஒரு அங்குலம்கூட நீட்டாமல், அடியில் 150 கிராம் இரும்பைச் சேர்த்து, எதிரியை நோக்கி ஏறக்குறைய ஒரு சாண் தூரம் கூடுதலாகப் பெற்றுவிட்டார்கள். ஈட்டிச் சண்டையில் ஒரு சாண் என்பது உயிருக்கும் சாவுக்கும் நடுவே உள்ள தூரம்.

இதை நான் மாடியில் செய்து பார்த்திருக்கிறேன். ஏழடிச் சவுக்குக் கம்பு ஒன்றை எடுத்து, நுனியில் ஒரு இரும்புத் துண்டைக் கட்டி, ஒரே விரலில் வைத்து எங்கே நிற்கிறது என்று பென்சிலால் குறித்தேன். அப்புறம் அடியில் சற்றுச் சின்னத் துண்டு ஒன்றைக் கட்டினேன். பென்சில் குறி ஏறக்குறைய ஒரு சாண் பின்னால் போனது. கையில் பிடித்துக் குத்துவது போல நீட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. பூண் இல்லாதபோது நுனி தொங்கிப்போய், மணிக்கட்டால் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பூண் இருந்தபோது நுனி நான் காட்டிய இடத்தில் நின்றது. நாடகக் குழுவில் யாரையாவது இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

இப்போது இடது கைக்கு வருவோம். ரோமானியக் கேடயத்துக்கு ஸ்கூட்டம் என்று பெயர். பாலிபியஸ் தரும் அளவு: அகலம் இரண்டரை அடி, உயரம் நான்கு அடி. எகிப்தின் ஃபாயும் பகுதியில் கிடைத்த ஒரு கேடயம் 128 சென்டிமீட்டர் உயரம், 63.5 சென்டிமீட்டர் அகலம். அதே மாதிரி செய்து பார்த்தவர்களுக்கு எடை பத்து கிலோ அளவில் வந்திருக்கிறது. இதை எப்படிப் பிடித்தார்கள் என்பதுதான் முக்கியம். பின்புறம் நடுவில் குறுக்காக ஒரு கைப்பிடி. அதை முஷ்டியால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கிரேக்க ஹாப்லைட் வீரனின் வட்டக் கேடயத்தில் முழங்கைவரை உள்ளே நுழைத்து மாட்டிக்கொள்ளலாம், எடை முன்கையில் பரவி நிற்கும். மாசிடோனிய வீரன் சிறிய கேடயத்தைக் கழுத்தில் வாரால் தொங்கவிட்டுவிட்டு இரண்டு கையாலும் சரிஸ்ஸா என்கிற நெட்டை ஈட்டியைப் பிடிப்பான். ரோமானியனுக்கு அந்த வசதி கிடையாது. அவனுடைய இடது முஷ்டி பத்து கிலோவைப் பிடித்திருக்கிறது, ஈட்டிக்கு மிச்சம் இருப்பது ஒரு கைதான்.

ஒரு கையால் தூக்கிப் பிடித்து, நுனியை நிதானமாக நிறுத்தி, குத்தி, இழுத்து, மறுபடியும் குத்த வேண்டும். அதையும் அரை மணி நேரம் செய்ய வேண்டும். இப்படிக் கேட்டால் உடம்பே பதில் சொல்லிவிடும். இரண்டரை மீட்டரைத் தாண்டினால் காம்பு வளைந்து நுனி ஆடத் தொடங்கும். ஆட்டத்தைக் குறைக்கக் காம்பைத் தடிமனாக்கினால் எடை ஏறும், அதுவும் வேகமாக ஏறும். நான்கு மீட்டர் நீளத்தில் மூன்றரை சென்டிமீட்டர் தடிமன் என்றால் காம்பு மட்டுமே இரண்டரை கிலோவைத் தாண்டிவிடும். அது இரண்டு கை ஆயுதம். ஆகவே எட்டடி என்ற மேல் எல்லையைக் கேடயம்தான் போட்டது. ஆறடி என்ற கீழ் எல்லையைப் போட்டது எதிரியின் வாள். வாளோடு வருகிறவன் தன் கையை நீட்டி வெட்டக்கூடிய தூரத்துக்கு வெளியே அவனை நிறுத்த முடியாவிட்டால் குத்தீட்டி எதற்கு?

இங்கே மாசிடோனிய ஈட்டியோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் விளங்கும். சரிஸ்ஸா ஆரம்பத்தில் பதினாறு முழம், நடைமுறையில் பதினான்கு முழம் என்கிறார் பாலிபியஸ். ஆறு மீட்டரைத் தாண்டுகிற நீளம். ஐந்து வரிசைகளின் முனைகள் முன்வரிசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரோமானியன் ஒவ்வொருவனும் இரண்டு மாசிடோனியர்களையும் பத்து ஈட்டி முனைகளையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். இருந்தும் கி.மு. 197இல் கைனோஸ்கெஃபலேயிலும் 168இல் பிட்னாவிலும் தோற்றது சரிஸ்ஸாதான். மேடுபள்ளத்தில் அந்த அணிவகுப்பு பிளந்ததும், ஆறு மீட்டர் கம்போடு தனியாக நின்றவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சரி, பிடி. தோளுக்கு மேலே ஓங்கிப் பிடித்தால் கேடயத்தின் மேல் விளிம்புக்கு மேலாக எதிரியின் முகம், கழுத்து, தோள்பட்டைக் குழி ஆகியவற்றைக் குறிவைக்கலாம். நெருங்கி நிற்கும்போது இது நல்லது. பக்கத்தில் நிற்பவனைக் கை இடிக்காது. ஆனால் தோள் சீக்கிரம் களைத்துவிடும், எட்டும் தூரமும் குறைவு. இடுப்போரம் கீழாகப் பிடித்தால் எட்டும் தூரம் அதிகம், உடம்பின் எடையைக் குத்தில் சேர்க்கலாம், களைப்பும் குறைவு. ஆனால் நெருக்கமான அணியில் பின்னால் நிற்பவன் வயிற்றில் உங்கள் அடிப்பூண் இடிக்கும். தவிர, உங்கள் கேடயமே குறுக்கே நிற்பதால் அதன் வலது ஓரத்தைச் சுற்றித்தான் குத்த முடியும். மூன்றாவதாக ஒரு பிடி உண்டு: காம்பை அக்குளில் இடுக்கி, முன்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பது. குத்துவதற்கு இது உதவாது, ஓடி வருகிறவனைத் தடுத்து நிறுத்த உதவும். பாலிபியஸ் ஒரு ரோமானிய வீரன் நிற்க மூன்றடி இடமும், அடுத்தவனிடமிருந்து குறைந்தது மூன்றடி இடைவெளியும் வேண்டும் என்கிறார். அந்த இடத்துக்குள் நின்றுகொண்டு இந்த மூன்றில் எது கைகூடுகிறதோ அதைச் செய்திருப்பான் என்பதுதான் என் கருத்து. ஒரே பிடியைத்தான் பயன்படுத்தினார்கள் என்று அடித்துச் சொல்கிறவர்கள், எட்டு பேரை மூன்றடி இடைவெளியில் நிறுத்திக் கையில் கம்பைக் கொடுத்துப் பார்த்தால் கருத்தை மாற்றிக்கொள்வார்கள்.

திரியாரி இந்த ஈட்டியை எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதிய காட்சிக்கு ஈடில்லை. கி.மு. 340இல் லத்தீன் நகரங்களோடு நடந்த போரை விவரிக்கும் இடத்தில் அவர் சொல்வது: திரியாரி தங்கள் கொடிகளுக்குக் கீழே முழங்காலிட்டிருப்பார்கள், இடது கால் முன்னே நீட்டியிருக்கும், கேடயம் தோளில் சாய்ந்திருக்கும். ஈட்டிகளை மண்ணில் ஊன்றி, முனை மேல்நோக்கிச் சரிந்து நிற்கும்படி வைத்திருப்பார்கள். பார்ப்பதற்கு முள்வேலி போட்ட மாதிரி இருக்கும். முன்வரிசைகள் இரண்டும் தோற்றுப் பின்வாங்கினால் இவர்களுக்கு இடையே உள்ள சந்துகள் வழியாகப் பின்னால் போய்விடுவார்கள்; திரியாரி எழுந்து, சந்துகளை அடைத்து, ஒரே சுவராக முன்னேறுவார்கள். ‘விஷயம் திரியாரி வரைக்கும் போய்விட்டது’ என்று லத்தீனில் ஒரு சொலவடையே இருந்தது. நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

அந்தப் போரில் நடந்த ஒரு விஷயம் ஈட்டியைப் பற்றி நிறையச் சொல்கிறது. ரோமானியத் தளபதி மான்லியஸ் தன் திரியாரியை எழுப்பாமல், பின்னால் இருந்த சாதாரணத் துணை வீரர்களை முன்னே அனுப்பினார். எதிரிகள் அவர்களையே திரியாரி என்று நினைத்துத் தங்கள் திரியாரியை எழுப்பிவிட்டார்கள். கடும் சண்டை நடந்தது. அதில் எதிரிகள் களைத்தது மட்டுமல்ல, அவர்களுடைய ஈட்டிகள் ஒடிந்தும் மழுங்கியும் போயின என்கிறார் லிவி. அதற்கப்புறம்தான் உண்மையான ரோமானியத் திரியாரி எழுந்தார்கள், புதுக் கையோடும் கூர் மழுங்காத ஈட்டியோடும். எதிரிகளின் முகத்தில் குத்திக்கொண்டே முன்னேறினார்கள். ஈட்டி என்பது சண்டையில் செலவாகிப் போகிற பொருள், ஒரு சண்டையைத் தாங்கினாலே பெரிது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் இடம் வேறு எனக்குத் தெரியவில்லை. முகத்தில் குத்தினார்கள் என்ற விவரத்தையும் கவனியுங்கள். கேடயத்துக்கு மேலே தெரிவது முகம் மட்டும்தானே.

திரியாரியின் ஈட்டியை முன்வரிசைக்குக் கொடுத்த நிகழ்ச்சியும் உண்டு. கி.மு. 223இல் வட இத்தாலியில் இன்சுப்ரஸ் என்ற கெல்டிக் மக்களோடு நடந்த போர். அவர்களுடைய நீண்ட வாள் முதல் வெட்டிலேயே வளைந்துவிடும், காலில் வைத்து நிமிர்த்தினால்தான் மறுவெட்டு என்கிறார் பாலிபியஸ். ரோமானியப் படையின் அதிகாரிகள் இதைத் தெரிந்துகொண்டு, பின்வரிசையிலிருந்த குத்தீட்டிகளை வாங்கி முன்வரிசைக்குக் கொடுத்தார்கள். ‘முதலில் இதை வைத்துச் சமாளியுங்கள், அப்புறம் வாளை உருவுங்கள்’ என்பது திட்டம். கெல்ட் வீரர்கள் ஓடி வந்து ஈட்டிக் காம்புகளை வெட்டி வெட்டித் தங்கள் வாள்களைக் கெடுத்துக்கொண்டார்கள். ரோமானியர்கள் அதற்குப் பிறகு நெருங்கி, குத்துவாளால் முடித்தார்கள். ஈட்டி இங்கே ஆளைக் கொல்வதற்கு முன்னால் எதிரியின் ஆயுதத்தைக் கொன்றது.

இரண்டு கையால் பிடித்தார்களா என்ற உங்கள் கேள்விக்கு ஒரு சுவாரசியமான சான்று இருக்கிறது. கிரேக்க மன்னன் பிர்ரஸோடு நடந்த போரைப் பற்றி எழுதும்போது கிரேக்க வரலாற்றாசிரியரான ஹாலிகார்னாசஸ் ஊர் டயோனீசியஸ், ரோமானியரின் பிரின்கிபேஸ் என்ற இரண்டாம் வரிசை குதிரைப்படை ஈட்டிகளை நடுவில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெருங்கிப் போரிடும் என்கிறார். போர் நடந்தது கி.மு. 280ஐ ஒட்டிய ஆண்டுகளில். அவர் எழுதியது அகஸ்டஸ் காலத்தில், இரண்டரை நூற்றாண்டு கழித்து. அப்போது கேடயம் எங்கே போனது? இதை வைத்து நிறைய வாதங்கள் நடந்திருக்கின்றன. கேடயத்தை இடது முன்கையில் சாய்த்து, விரல்களால் காம்பைத் தாங்கியிருக்கலாம் என்பார்கள் சிலர். மேலே சொன்ன குறுக்குக் கைப்பிடியோடு அது நடக்கிற காரியமாக எனக்குப் படவில்லை. பிடி தளர்ந்தால் பத்து கிலோ கேடயம் திரும்பிவிடும். எதிரியின் கேடயத்தைத் தள்ளும் ஒரு நொடியில் இரண்டு கையும் காம்புக்குப் போயிருக்கலாம், அவ்வளவுதான். மேடையில் இதைத் தவிர்த்துவிடுவது நல்லது.

குதிரைப்படையின் கதையும் அடிப்பூணுக்கே திரும்பி வருகிறது. ரோமானியக் குதிரை வீரர்களின் பழைய ஈட்டியில் இரண்டு குறை என்று பாலிபியஸ் எழுதுகிறார். காம்பு ரொம்ப மெல்லியது, குதிரை ஓடும் குலுக்கலில் நுனி ஆடி, எதிலும் பாய்வதற்கு முன்பே பெரும்பாலும் ஒடிந்துவிடும். அடியில் பூண் இல்லாததால் முதல் குத்தில் முனை முறிந்தால் அதோடு சரி, மிச்சக் கம்பால் ஒரு பயனும் இல்லை. பிறகு கிரேக்கரிடமிருந்து கெட்டியான, பூண் போட்ட ஈட்டியை எடுத்துக்கொண்டார்கள். நல்லதைக் கண்டால் கூசாமல் எடுத்துக்கொள்வதில் ரோமானியருக்கு நிகர் யாருமில்லை என்று அவர் அங்கே பாராட்டுகிறார். பேரரசுக் காலத்துக் குதிரை வீரன் இந்த ஈட்டியை எப்படிப் பிடித்தான் என்று பார்க்க இங்கிலாந்தின் கிளாஸ்டரில் கிடைத்த ரூஃபஸ் சீட்டாவின் கல்லறைக் கல் போதும். குதிரைக்கு அடியில் விழுந்து கிடக்கும் எதிரியை மேலிருந்து ஈட்டியால் குத்துகிறான். அங்கவடி இல்லாத காலம் அது. சேணத்தின் நான்கு கொம்புகள்தான் அவனைத் தாங்கின.

கி.மு. முதல் நூற்றாண்டில் திரியாரி மறைந்து, லெஜியன் வீரர் எல்லாருக்கும் பிலும் என்றாகிவிட்டது. அப்போதும் குத்துகிற தேவை ஒழியவில்லை, எறியீட்டியையே குத்தீட்டியாக்கினார்கள். கி.மு. 48இல் ஃபார்சலஸில் தன் எதிரி பாம்ப்பேயின் குதிரைப்படையை எதிர்கொள்ள நிறுத்திய வீரர்களிடம், பிலுமை எறியாதீர்கள், மேல்நோக்கி முகத்தில் குத்துங்கள் என்று சீசர் சொன்னதாகக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்.

குத்தீட்டி அதற்குப் பிறகு குடியுரிமை இல்லாத துணைப்படையினர் கைக்குப் போனது. பிரிட்டனில் ரோமை எதிர்த்த தலைவன் கராட்டகஸின் தோல்வியை விவரிக்கும் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், லெஜியன் வீரர்களின் ஆயுதம் கிளாடியஸ் என்ற குத்துவாளும் பிலுமும், துணைப்படையின் ஆயுதம் ஸ்பாத்தா என்ற நெடுவாளும் ஹஸ்தாவும் என்று பிரித்தே சொல்கிறார். இவர்களுடைய ஹஸ்தா குத்தவும் ஆகும், எறியவும் ஆகும். அன்னாயுஸ் கையில் இரண்டு இருந்ததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒன்றை எறிந்தாலும் இன்னொன்று மிஞ்சும். எறியவும் வேண்டும் என்பதால் இவை ஆறடியை ஒட்டியே இருந்திருக்கும்.

கி.பி. 135ஐ ஒட்டி ஆலன் குதிரைப்படையை எதிர்த்து கப்படோசியாவின் ஆளுநர் அர்ரியன் எழுதிய அணிவகுப்புக் குறிப்பு இன்றும் இருக்கிறது. முதல் நான்கு வரிசைக்கும் நீண்ட மெல்லிய இரும்பு முனை கொண்ட ஈட்டி. முதல் வரிசை அதை நீட்டிப் பிடித்து, வருகிற குதிரைகளின் மார்புக்கு நேராக வைக்க வேண்டும். அடுத்த நான்கு வரிசை எறியீட்டியோடு, ஒன்பதாவது வரிசை வில்லோடு. அந்த ‘நீண்ட மெல்லிய இரும்பு’ பிலும்தான் என்று சொல்பவர்களும் உண்டு, தனி நெட்டீட்டி என்பவர்களும் உண்டு. எதுவானாலும் செய்கிற வேலை நானூறு ஆண்டுக்கு முந்தைய திரியாரியின் வேலைதான். குதிரை முள்வேலிக்குள் பாயாது. உண்மையிலேயே இரண்டு கை தேவைப்பட்ட நெட்டீட்டியை ரோமானியர்கள் குதிரைமேல்தான் வைத்தார்கள். சர்மேஷியர் என்ற குதிரைவீர மக்களிடமிருந்து கற்ற கோண்டஸ் என்ற ஈட்டி அது. மூன்றரை, நான்கு மீட்டர் இருக்கும். பிடித்தவனால் கேடயம் பிடிக்க முடியாது.

உங்கள் வேலைக்கு வருகிறேன். கதை ஹன்னிபால் காலத்தை ஒட்டியது என்று வைத்துக்கொள்கிறேன். திரியாரிக்கு ஏழடிக் கம்பு எடுங்கள். சவுக்கு நேராகக் கிடைத்தால் சவுக்கு, இல்லாவிட்டால் பாக்குமரச் சட்டத்தை உருட்டிச் சீவிக்கொள்ளுங்கள். தடிமன் உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளைத்துத் தொடுகிற அளவு. மூங்கில் வேண்டாம், அதன் கணுக்கள் முதல் வரிசைப் பார்வையாளருக்குத் தெரியும். தலையைத் தெர்மக்கோலில் செய்தாலும் உள்ளே கொஞ்சம் எடை வையுங்கள், நுனி மொட்டையாக இருக்கட்டும். அடிப்பூணை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதற்கும் எடை வேண்டும். சமமாக நிற்கும் இடத்தில் துணியோ தோலோ சுற்றிவிட்டால் நடிகரின் கை தானாக அங்கே போகும். முதல் இரண்டு வரிசைக்கு ஈட்டி வேண்டாம், பிலுமும் வாளும் கொடுங்கள்.

திரியாரியைக் காட்சி தொடங்கும்போதே மேடையின் பின்பக்கம் வலது முழங்காலில் உட்கார வையுங்கள், இடது கால் முன்னே, கேடயம் தோளில், ஈட்டி சரிந்தபடி. முன்னால் சண்டை நடக்கும் நேரம் முழுக்க அவர்கள் அசையக் கூடாது. முன்வரிசை அவர்களைக் கடந்து பின்னால் போனதும், எல்லாரும் ஒரே நேரத்தில் பூணைத் தரையிலிருந்து இழுத்துக்கொண்டு எழட்டும்.